எட்டரை மணி மாத்திரைகள்

அக்டோபர் 5

நாளை முதல் இந்த நோட்டில் எழுதப்போவது:

1. எப்சிபாவுக்குத் தினமும் காலை எட்டரை மணிக்குக் கொடுக்கும் மாத்திரைகளின் எண்ணிக்கை.
2. காய்ச்சல், எடை, வாந்தி, சாப்பிட்ட அளவு.
3. மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே சிகிச்சை அட்டையில் குறியிடுவேன். இதில் விலக்கு இல்லை.
4. அக்காள், தங்கை இருவருக்கும் ஆகாது. நோயாளியின் நிம்மதிக்காக இளையவளைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. அதற்கு என்னால் ஆனதைச் செய்து, செய்ததை எழுதுவேன்.
5. என்னைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை.
6. வானத்தில் மேகத்தின் அளவு. இது பழக்கதோஷம். ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது.

மேலே உள்ளதை மூன்று முறை திருத்தி எழுதினேன். இன்னும் திருப்தியில்லை.

எப்சிபாவுக்குப் பத்தொன்பது வயது. என் கீழ்வீட்டில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஞானசுந்தரியின் மூத்த மகள். பி.காம். இரண்டாம் ஆண்டு. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய் என்று போன மாதம் கண்டுபிடித்தார்கள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். மே மாதம்தான் தூத்துக்குடிக்கு வருவார். ஞானசுந்தரி காலை ஏழு மணிக்கு இறால் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். இளையவள் பியூலா பிளஸ் டூ. எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். காற்றோட்டம் வேண்டும் என்பதால் மாடியில் என் அறைக்கு எதிரே இருக்கும் அறையை எப்சிபாவுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறேன்.

மாத்திரை கொடுக்க அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று சுகாதாரப் பார்வையாளர் இசக்கியம்மாள் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுக்கத் தைரியம் வரவில்லை.

“சார், கையில குடுத்துட்டுத் திரும்பி வந்திரப்புடாது. வாயில போட்டு, முழுங்கி, வாயத் தொறந்து காட்டணும். அதப் பாத்த பொறவுதான் அட்டையில டிக்கு. நீங்க வானிலை ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம் பாத்துப் பாத்து எழுதுன ஆளுல்லா? ஒங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 6

பதினொரு மாத்திரை. வெள்ளை ஒன்பது, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு மாத்திரை உருண்டையாக, மெழுகு பூசியதுபோல் இருக்கிறது.

ஒவ்வொன்றாகத்தான் விழுங்க முடிந்தது. வயதுப் பெண் அண்ணாந்து தொண்டையை நெளித்து விழுங்குவதை ஓர் அந்நிய ஆண் நின்று பார்ப்பது முறையாகப் படவில்லை. அதற்கும் மேலே வாயைத் திறந்து காட்டு என்று எப்படிக் கேட்பது? நல்லவேளையாக மணி எட்டரை. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்தே பழகியவன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேகம் எட்டில் மூன்று பங்கு. தம்ளர் கீழே வைக்கும் சத்தம் கேட்டதும் திரும்பினேன். குறியிட்டேன்.

வெப்பம் 100.2. எடை 38 கிலோ.

அக்டோபர் 9

பதினொன்று. வாந்தி இரண்டு முறை. மேகம் ஐந்து.

அக்டோபர் 19

காலை ஏழே முக்காலுக்குப் பியூலா சாப்பாடு கொண்டுவந்தாள். தட்டை ஸ்டூலில் நங்கென்று வைத்த சத்தம் என் அறைவரை கேட்டது. அதன் பிறகு இருவரும் பேசியதும் கேட்டது.

“தின்னு. நீ திங்கலன்னா அம்மா எனக்குல்லா பூச குடுக்கா.”

“ஏட்டி கருவாச்சி, இதுல உப்பே போடலியா?”

“மரியாளுக்கு நாக்கு ருசி கேக்குதோ?”

“ஒட்டகம் சமைச்சா இப்பிடித்தான் இருக்கும்.”

இதற்கு விளக்கம் எழுத வேண்டும். எப்சிபா நல்ல நிறம். எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவள்தான் மரியாள். பியூலா கறுப்பு. அவளுக்கு ஒட்டகத்தின் பின்கால் கொடுத்தார்கள். அதுவும் மூன்று ஆண்டுகள்.

பியூலா இறங்கி வரும்போது மாடிப்படியில் நிறுத்திச் சொன்னேன். “அக்காவுக்கு ஒடம்பு சரியில்லாத நேரம். நீ தட்ட வாசல்லயே வச்சிட்டுப் போயிரும்மா. பேச்சு வளந்தா அவளுக்கு இருமல் கூடுது.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி தாத்தா” என்றாள்.

குறிப்பு 4 நடைமுறைக்கு வந்தது. பதினொன்று. மழை. மேகம் எட்டுக்கு எட்டு.

அக்டோபர் 28

மாடியில் அமைதி. எப்சிபா பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஓய்வு நல்லது.

நவம்பர் 12

எப்சிபாவின் முகம் நிறம் மாறுகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் செம்பு கலந்த கருமை. இசக்கியம்மாள் வந்தபோது கேட்டேன்.

“அந்தச் செவப்பு மாத்திரை பண்ணுத வேல சார். வேர்வைகூடச் செவப்பாத்தான் வரும். பயப்பட ஒண்ணுமில்ல. மருந்த முடிச்ச பொறவு கொஞ்சங்கொஞ்சமாப் பழைய நெறம் வந்திரும்.”

“எப்ப வரும்?” எப்சிபா கேட்டாள்.

“வருசம் ஒண்ணு ஆவலாம். கூடவும் ஆவலாம். ஆளு இருந்தாத்தானம்மா நெறம்?” சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

எப்சிபா சிரிக்கவில்லை.

மாலையில் பியூலா தலையணை உறைகளை மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தினாள். துவைத்த பிறகும் நடுவில் இளஞ்சிவப்புக் கறை இருந்தது.

நவம்பர் 30

எடை 40.5. இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது. என் சம்பளம் உயர்ந்த நாளில்கூட நான் இப்படி மகிழ்ந்ததில்லை. (குறிப்பு 5 மீறப்பட்டது.)

டிசம்பர் 25

ஆராதனை முடிந்து ஞானசுந்தரியின் சொந்தக்காரர்கள் ஆறேழு பேர் மாடிக்கு வந்தார்கள். எல்லோரும் மாஸ்க் அணிந்து வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஜெபம் பண்ணினார்கள். ஞானசுந்தரியின் அண்ணி மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள்.

“அய்யய்யோ, இதென்ன மைனி! பிள்ள இப்பிடிக் கரிக்கட்டையா ஆயிட்டா? கீழ நிக்குதவளுக்கும் இவளுக்கும் வித்தியாசமே தெரியலிய!”

கீழே நின்றவள் பியூலா. மாடிப்படியில் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஞானசுந்தரி பேச்சை மாற்றினாள். எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். பதினொன்று. மேகம் நான்கு.

டிசம்பர் 26

சுவர்க்கண்ணாடியைக் கழற்றிவிடச் சொன்னாள் எப்சிபா. கழற்றி வைக்க வேறு இடமில்லாததால் கண்ணாடியை முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். இன்று மாத்திரைகளைச் சிரமமில்லாமல் சீக்கிரம் முடித்துவிட்டாள். பழகிவிட்டது போலும். பதினொன்று. மேகம் இரண்டு.

ஜனவரி 11

எடை 40.5. நகரவில்லை. மாலையில் மறுபடி லேசாகக் காய்ச்சல்.

கொடியில் தலையணை உறைகள் முன்னைவிட வெளுப்பாக இருக்கின்றன. பியூலா சோப்பை மாற்றியிருப்பாள்.

ஜனவரி 24

பியூலா பள்ளிச் சீருடையோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். இதற்கு முன் அவள் என் வாசலுக்கு வந்ததில்லை.

“தாத்தா, ஒண்ணு கேக்கணும். அக்கா அந்தச் செவப்பு மாத்திரைய முழுங்குதாளா?”

“முழுங்குதாளே. அட்டையில இருக்கு.”

“அட்டையில இருக்கு. நீங்க பாத்தியளா?”

“தினமும் பக்கத்துலதான நிக்கேன்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். “தலகாணி உறைய நாந்தான் தொவைக்கேன். நவம்பர்ல முக்கி வச்சா வாளித் தண்ணி செம்பருத்தியக் கசக்குன மாரி இருக்கும். இப்ப ஒவ்வொரு வாரமும் மங்கிக்கிட்டே வருது. நேத்து வெறும் அழுக்குத் தண்ணிதான்.”

“குளிர்காலம்லா. வேர்வை கொறையும்.”

“தூத்துக்குடிலயா தாத்தா குளிரு?”

ஜனவரியில் இங்கே இரவு வெப்பம் இருபத்தொன்றுக்குக் கீழே போவது அரிது. அந்தக் கணக்கை நானே பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சின்னப் பெண் கேட்ட தொனி பிடிக்கவில்லை. “அக்கா மேல கோவம் இருந்தா அத இப்பிடிக் காட்டப்புடாதும்மா” என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குறிப்பு 4 சரியானது என்று இதனால் தெரிகிறது. தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 25

ஞாயிறு. ஞானசுந்தரி வீட்டில் இருந்தாள். என் காதுக்கு வந்ததை என்னோடு வைத்துக்கொள்வது சரியில்லை என்று நினைத்து, பியூலா சொன்னதை அவளிடம் சொன்னேன். மிக மென்மையாகவே சொன்னேன்.

ஞானசுந்தரி எழுந்துபோய்ப் பியூலாவைக் கன்னத்தில் அறைந்தாள்.

“அக்கா சாவக் கெடக்கா, நீ அவளக் கள்ளிங்கியா? ஒனக்கென்ன கண்ணுல ரத்தமே கெடையாதா?”

பியூலா அழவில்லை. அவள் பார்த்தது அம்மாவை அல்ல, என்னை.

ஜனவரி 26

பதினொன்று. மேகம் பார்க்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9

எப்சிபாவையும் ஞானசுந்தரியையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். திரும்பியபோது கூடவே இசக்கியம்மாளும் வந்தாள். அவள் இன்று சிரிக்கவில்லை.

“நாலு மாசம் முடிஞ்சும் சளியில கிருமி இருக்கு சார். மருந்து கேக்கலன்னு டாக்டர் நெனைக்காங்க. வார பதினாறாந் தேதி எல்லா டாக்டரும் உக்காந்து முடிவெடுக்காங்க. மருந்த மாத்தி ஊசி போடுவாங்க போல. தெனமும் ஊசி.”

“அது நல்ல மருந்துதான?”

“கடுமையானது. சில பேருக்குக் காது போயிரும். போனா திரும்பி வராது.”

எப்சிபா கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிற பெண்.

இசக்கியம்மாள் சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தாள். “ஒரு நாள்கூட விடல. டிக்கெல்லாம் கோலப்புள்ளி மாரி வரிசையா இருக்கு. அட்டைய டாக்டர்ட்ட காமிச்சேன். இவ்ளோ ஒழுங்கா முழுங்கியும் கேக்கலன்னா மருந்துதான் தோத்துருக்குன்னு அதவச்சுதான் சொன்னாங்க.”

மொட்டைமாடியில் நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன்.

பிப்ரவரி 10

பார்த்தேன்.

சன்னல் பக்கம் திரும்புவதுபோல் திரும்பி, திருப்பி மாட்டியிருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணை மட்டும் அவள் மீது வைத்தேன். பத்து மாத்திரைகளை விழுங்கினாள். சிவப்பை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் இறங்கியது. கன்னம் லேசாக உப்பியிருந்தது. தம்ளரை வைத்தாள். அந்தச் சத்தம் கேட்டு நான் திரும்புவேன் என்று அவளுக்குத் தெரியும். திரும்பினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. குறியிட்டேன். ஆம், இன்றும் குறியிட்டேன்.

அவள் கைப்பிடிச் சுவர்வரை போய்விட்டு வந்தாள். பிறகு நான் போய்க் குனிந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையின் கூரைத்தகட்டில் சிவப்புப் பொட்டுகள், வெயிலில் உருகி வழிந்தவை. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 11

அவளிடம் பேச வேண்டும் என்று எட்டு மணிக்கே போய் நின்றேன். “ராத்திரி தூங்குனியாம்மா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். குறியிட்டேன்.

ஞானசுந்தரியிடம் சொல்லலாம். சொன்னால் எப்சிபாவுக்கும் ஓர் அறை விழும். இசக்கியம்மாளிடம் சொல்லலாம். சொன்னால் நான்கு மாதக் குறிகளும் பொய் என்று ஆகும். எல்லாம் பொய்யா, எந்த நாளிலிருந்து பொய் என்பதுகூட எனக்குத் தெரியாது. வானிலை நிலையத்தில் வேலை பார்த்தபோது ஒரு நாள் காய்ச்சலில் மழைமானியைப் பார்க்கப் போகாமல், பார்க்கவில்லை என்றே எழுதினேன். அதிகாரி திட்டினார். அன்று திட்டு வாங்க முடிந்த எனக்கு இன்று என்ன ஆயிற்று?

பிப்ரவரி 12

குறியிட்டேன்.

மாலை ஐந்தரைக்குக் கீழே இறங்கிப் போனேன். பியூலா அடுக்களை வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று முதல் படிப்பு விடுமுறை. நிமிரவில்லை.

“நாளைக்கு எட்டரைக்கு நீயும் மேல வாம்மா.”

“எதுக்கு? இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்குன்னா?”

“நீ சொன்னது சரி. நான் சரியாப் பாக்கல, பியூலா.”

பேனாவை மூடினாள். திறந்தாள். “நீங்க ஒருநாளும் பாத்ததில்லியா தாத்தா?”

“இல்ல.”

“பின்ன என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னிய?”

“மேகத்த.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால்கூடப் பரவாயில்லை. “வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 13

இதை அப்படியே எழுத வேண்டும். என் கருத்தைச் சேர்க்கக் கூடாது.

எட்டரைக்குப் பியூலா மாஸ்க் அணிந்துகொண்டு அறைக்குள் வந்தாள். நான்கு மாதம் கழித்து அறைக்குள் வருகிறாள். எப்சிபா போர்வையை முகம்வரை இழுத்தாள்.

“இவ எதுக்கு வந்தா? போவச் சொல்லுங்க தாத்தா.”

“நாந்தான் வரச்சொன்னேன்” என்றேன். மாத்திரைகளைக் கொடுத்தேன். சன்னல் பக்கம் திரும்பவில்லை. பத்து மாத்திரை உள்ளே போனது. சிவப்பு கையில் நின்றது.

“முழுங்கு” என்றாள் பியூலா.

“முழுங்குவேன். நீ போ.”

“முழுங்குனா போறேன்.”

எப்சிபா மாத்திரையைச் சுவரில் வீசினாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினாள். “ஒங்களுக்கு இப்பத்தான் கண்ணு தெரியுதோ? கறுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒருத்தரும் என் மொகத்தப் பாக்கல. அம்மா தரையப் பாத்துப் பேசுதா. அத்த எட்டிப் பாத்துட்டு அலறுதா. நீங்க தினமும் மாத்திரையக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதிய. அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?”

“இல்லம்மா... மரியாதக்கித்தான்...”

“மரியாதயா?”

மரியாதை என்று நான் முதல் நாளிலிருந்து செய்துகொண்டிருந்தது, நவம்பருக்குப் பிறகு அவளுக்கு என் அருவருப்பாகத் தெரிந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவேயில்லை.

“எப்பலேர்ந்து துப்புத?” பியூலா கேட்டாள்.

“கிறிஸ்மஸ் மறுநாள்லேர்ந்து.”

“அத்த சொன்னதுக்காவா?”

எப்சிபா போர்வை ஓரத்தை விரலில் சுற்றினாள்.

“என்ன மாரி ஆயிட்டன்னு சொன்னா. அதுக்காவா?”

எப்சிபா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பியூலாவின் கண்கள்தான் மாஸ்க்குக்கு மேலே தெரிந்தன.

“என்ன மாரி ஆனா செத்துருவியாட்டி? நான் பதினேழு வருசமா உயிரோடதான இருக்கேன்!”

அக்காவை ‘ட்டி’ போட்டு அவள் பேசி நான் கேட்டதில்லை. குரல் கீழ்வீடுவரை போயிருக்கும்.

“கருவாச்சின்ன. சிரிச்சேன். ஒட்டகம்ன. சிரிச்சேன். போட்டோல பின்னால நில்லுன்னாவ, நின்னேன். நீ இந்தக் கலர வச்சிக்கிட்டு மூணு மாசம் இருக்க முடியலன்னு சாவப் பாக்க. நான் எங்கட்டி போறது?”

எப்சிபா அழுதாள். அழுகை இருமலானது. இருமல் நிற்காமல் குனிந்துவிட்டாள். பியூலா போய் முதுகைத் தடவினாள். தடவினாள் என்பதைவிட அடித்தாள் என்றுதான் எழுத வேண்டும். கொஞ்சம் பலமாகவே இருந்தது.

“மெதுவா, எருமை” என்றாள் எப்சிபா இருமலுக்கு நடுவே.

“இப்ப எருமையா? ஒட்டகத்துலேர்ந்து எறக்கிட்டியோ?”

பியூலா தரையில் தேடி மாத்திரையை எடுத்தாள். தூசியாக இருந்தது. நான் டப்பாவிலிருந்து வேறொன்று கொடுத்தேன். எப்சிபா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரிய கண்கள். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. ஆறு ஆண்டுகளாகக் கீழ்வீட்டில் இருக்கிற பெண். அந்தத் தழும்பு எனக்குத் தெரியாது.

விழுங்கினாள்.

“வாயத் தொற” என்றாள் பியூலா. “நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம்.”

“மாட்டு டாக்டரு” என்றாள் எப்சிபா. ஆனாலும் காட்டினாள்.

மணி 9.10. பதினொன்று. குறியிட்டேன். இது உண்மையான குறி.

பிப்ரவரி 15

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கக் கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். இரண்டாவதில் ‘என் பார்வைக் குறைபாடு காரணமாக’ என்று வந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவது: ‘டிசம்பர் 26 முதல் பிப்ரவரி 12 வரை நாற்பத்தொன்பது நாட்கள் நான் பார்க்காமல் குறியிட்டேன். கடைசி மூன்று நாட்கள், அவள் விழுங்கவில்லை என்று தெரிந்தே குறியிட்டேன்.’

அதற்கு முந்தைய நாட்களிலும் நான் பார்க்கவில்லை. அப்போது விழுங்கியதாக எப்சிபா சொல்கிறாள்; தலையணை உறைகளும் அப்படித்தான் சொல்கின்றன. அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

ஞானசுந்தரியிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பியூலாவைக் கூப்பிட்டாள். பியூலா கொஞ்சம் தள்ளியே நின்றாள். ஞானசுந்தரி அவள் கன்னத்தைத் தொடப் போனாள்.

“விடும்மா, வெங்காயக் கை” என்று பியூலா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 16

ஆஸ்பத்திரிக்குப் பியூலாவும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. “நீங்க வாசல்லேர்ந்தே திரும்பி வந்திருவிய” என்றாள். உண்மைதான். ஒரு முறை திரும்பினேன். சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

டாக்டர் இளம்பெண். கடிதத்தைப் படித்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் படித்தார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“மருந்து தோத்துடுச்சுன்னு இன்னிக்கு எழுத இருந்தோம் சார். இந்தக் கடிதம் நாளைக்கு வந்திருந்தா அந்தப் பொண்ணுக்குத் தேவையே இல்லாத ஊசி.”

“ஆமா.”

“ஒரு மருந்த விட்டுட்டு மத்தத மட்டும் சாப்பிட்டா கிருமி மத்த மருந்துகளுக்கும் பழகிடும். பழகிடுச்சான்னு இப்ப சொல்ல முடியாது. பழைய மருந்தையே சரியாக் குடுத்து, ஏப்ரல்ல சளியச் சோதிப்போம். அப்பவும் கிருமி இருந்தா வேற வழியில்ல.”

இந்தப் பொறுப்புக்கு நான் தகுதியில்லை, வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளியே வந்ததும் இசக்கியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“ஓடப் பாக்காதிய சார். வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? பாக்கச் சொன்னா பாருங்க. அவ்ளோதான் வேல.” குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

பஸ்ஸில் பியூலா சன்னலோரம் உட்கார்ந்து பௌதிகப் புத்தகத்தைத் திறந்தாள். வீடு வரும்வரை ஒரே பக்கம்தான் திறந்திருந்தது.

மார்ச் 3

பியூலா மாடி அறை வாசலில் பாய் போட்டுப் படிக்கிறாள். அவளே முடிவு செய்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்று. எப்சிபா இப்போது நான் கேட்கும் முன்பே வாயைத் திறந்து காட்டுகிறாள், கொஞ்சம் கிண்டலாக.

மார்ச் 14

எப்சிபா முன்னைவிடக் கறுத்திருக்கிறாள். காலையில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. எப்சிபாவின் கல்லூரிச் சுடிதாரைப் பியூலா கேட்காமல் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு முன் ஜெபத்துக்குப் போயிருக்கிறாள். அரை மணி நேரம் கத்தினார்கள். எப்சிபா இருமினாள். போய்த் தடுக்கலாமா என்று என் அறைக்குள் ஏழெட்டு முறை நடந்தேன். போகவில்லை.

சண்டை முடிந்து எப்சிபா நான்கு இட்லி சாப்பிட்டாள். வழக்கமாக இரண்டு.

ஏப்ரல் 2

எடை 42. சளி மாதிரி கொடுத்தாயிற்று. முடிவு வர நாளாகும். காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஏப்ரல் 9

முடிவு வரவில்லை. கொடியில் உறைகள் சிவந்திருக்கின்றன.

ஏப்ரல் 17

முடிவு வரவில்லை. இசக்கியம்மாளுக்குப் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பிறகு, எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பயந்து போனை அலமாரிக்குள் வைத்தேன்.

ஏப்ரல் 24

காலையில் மாத்திரை முடிந்து எப்சிபா சுவர்க்கண்ணாடியைத் தானே திருப்பி மாட்டினாள். பியூலாவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி இரண்டு கைகளையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

“ஏட்டி, இப்ப நான் ஒன்னவிடக் கறுப்பு.”

“ஆசயப் பாரு. எனக்குப் பதினேழு வருச சர்வீஸ். நீ நேத்து வந்த ஆளு.”

“நெறம் திரும்பி வந்திரும்னு டாக்டர் சொல்லியிருக்காவ.”

“வந்தா வரட்டும். வந்த பொறவு கருவாச்சின்னு சொல்லிப் பாரு, பல்ல ஒடைக்கேன்.”

எப்சிபா கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தாள். “சொல்ல மாட்டேன்” என்றாள். பியூலா அதைக் கேட்காததுபோல் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். படியில் பாதியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டதை நான் மேலிருந்து பார்த்தேன்.

பதினொன்றரை மணிக்கு இசக்கியம்மாளின் ஸ்கூட்டர் வந்தது. கீழேயிருந்தே கத்தினாள். “சார்! கிருமி இல்ல! ஏப்ரல் சளியில கிருமி இல்ல!”

ஒரு தடவை போதாது, அடுத்தடுத்த மாதமும் இப்படியே வர வேண்டும், மருந்து இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் உண்டு என்றெல்லாம் பிறகு விளக்கினாள். எழுதி வைத்துக்கொண்டேன். கம்பெனிக்குப் போன் போட்டார்கள்; இறால் உரிக்கும் இடத்திலிருந்து ஞானசுந்தரி அழுவது கேட்டது.

மாலையில் இந்த நோட்டின் முதல் பக்கத்தை எடுத்துப் படித்தேன். குறிப்பு 3 சரியானது. அதை நான் மீறினேன். 5, 6 இரண்டையும் பலமுறை மீறினேன். குறிப்பு 4 வேறு வகை. அதை நான் மீறவில்லை. நான்கு மாதம் முழுமூச்சாகக் கடைப்பிடித்தேன். அவளுடைய முகத்துக்கு நேராக நின்று சண்டை போடக்கூடிய ஒரே ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன். அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உள்ளே வந்திருந்தால் பியூலா மாத்திரை ஒதுக்கிய கன்னத்தை முதல் நாளே பார்த்திருப்பாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிரறையில் மறுபடி கத்தல். இந்த முறை மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று.

நான்காவது குறிப்பு தவறு.